பருத்திக்காட்டில் பதிவு

பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் என்னோடு சேர்ந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் பாட்டு, ஒருத்தி வீணை. நான் எட்டாவது. பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வர்ணம் வரைக்கும் பாடக் கற்றிருந்த தெம்பில் நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே வந்தவள். முதல் மாதத்திலேயே என் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். குரல், சுமார். தாளம், பிழையில்லை. கற்பனை, கிடையாது. காது, நல்ல காது. இந்த நான்கில் கடைசி ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் தேற வேண்டும்.

நல்லவேளையாக இரண்டாம் வருஷத்தில் ஒலிப்பதிவு என்று ஒரு பாடம் இருந்தது. சுவர் முழுக்கத் தேங்காய் நார் விரிப்பு அறைந்த ஒரு சின்ன அறை. மேஜை மேல் மின்சாரத்தில் ஓடும் பெரிய டேப் ரிக்கார்டர் ஒன்று, தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி பேட்டரியில் ஓடும் சிறியது ஒன்று. நாடா தொட்டு ஓடும் இடத்தைப் பஞ்சால் துடைப்பது, நாடாவை பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவது, மிருதங்கத்துக்கும் மைக்குக்கும் எத்தனை அடி இருக்க வேண்டும், ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போகாமல் எப்படிப் பிடித்து வைப்பது என்பதெல்லாம் பாடம். என் வகுப்புத் தோழிகள் அந்த அறைக்குள் வரவே தயங்கினார்கள். எனக்கோ அங்கேதான் மூச்சு சீராக வந்தது.

கடைசித் தேர்வில் அந்தப் பாடத்துக்குப் பாதி மதிப்பெண் களப்பணிக்கு. ஒரு பாட்டை அது பாடப்படுகிற இடத்திலேயே போய்ப் பதிந்து வர வேண்டும். குறைந்தது பன்னிரண்டு நிமிஷம். வெட்டு, ஒட்டு இருக்கக் கூடாது. கூடவே குறிப்பு எழுத வேண்டும். சிறிய மிஷின் ஆளுக்கு ஒரு வாரக்கடைசி கிடைக்கும்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கினால் திங்கட்கிழமை காலையில் திருப்பித் தர வேண்டும். ஐந்து அங்குல நாடாச் சுருள் இரண்டு. ஒரு சுருள் பதினாறு நிமிஷம் ஓடும். பேட்டரிக் கட்டை ஒரு செட்டு. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

மற்றப் பாடங்களில் நான் எடுத்திருந்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்ததில், இது சரியாக அமையாவிட்டால் நான் தேற மாட்டேன் என்று தெரிந்தது. அருப்புக்கோட்டையில் நெசவாளர்களுக்கு நூல் விற்கும் கடை எங்களுடையது. என்னை அனுப்பும்போதே அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வருஷம். பாட்டுப் படிக்கிறியோ, மிஷினு படிக்கிறியோ, ஒம்பாடு. மூணாவது வருஷம்னு வந்து நிக்கக் கூடாது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பிறகு பேசி மாற்றியிருக்கலாம்.

நான் எதைப் பதிவது என்று யோசிக்கவே இல்லை. என் சித்தப்பா கரிசல் கிராமங்களில் பருத்தி வாங்கி மில்லுக்கு அனுப்புகிறவர். பரளச்சிப் பக்கம் ஒரு ஊரில் பருத்தி எடுக்கும் பெண்கள் பொழுது சாயும்வரை ஒரே பாட்டைப் பாடுவார்கள் என்று வருஷா வருஷம் வீட்டில் வந்து சொல்வார். மாசி மாதம், இரண்டாவது எடுப்பு நடந்துகொண்டிருந்தது. மிஷினை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமையே பஸ் ஏறினேன்.

"என்னம்மா, தையல் மிஷினா? மேல போட்டுரவா?" என்றார் கண்டக்டர்.

"வேணாம்ணே. மடியிலேயே இருக்கட்டும்."

"அம்புட்டு வெயிட்ட மடியில வெச்சுக்கிட்டா காரியாபட்டி போறதுக்குள்ள காலு மரத்துரும், பாத்துக்க."

அதற்கு முன்பே மரத்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் நானும் சித்தப்பாவும் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பாட்டு பாடுகிற அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். இரண்டு கையாலும் எடுப்பார், கண் செடியில் இருக்காது. அவர் ஒரு அடி பாட, மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவது வழக்கம். அவருக்குப் பக்கத்து நிரையில் அவருடைய நாத்தனார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், வாய் சும்மா இருக்காது.

சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தார். "எங்கண்ணன் மக. மருதையில பெரிய படிப்புப் படிக்கிது. ஒங்க பாட்டப் பதிவு பண்ணிட்டுப் போக வந்திருக்கு."

எல்லாக் கைகளும் நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது.

"பதிவா?" என்றார் நாத்தனார்.

"ஆமா. இந்த மிஷினுல பதிஞ்சு கொண்டு போயி அங்கன வெச்சுருவாக. அப்புறம் அழியவே அழியாது."

"யாரு பேருல?"

சித்தப்பா சிரித்தார். "இது பேருலதான். இதுக்குத்தான மார்க்கு!"

நாத்தனார் அந்த அக்காவைப் பார்த்தார். அக்கா செடியைப் பார்த்தார். நான் மைக்குக்குக் காற்று அடிக்காமல் இருக்கப் பழைய மெல்லிய சேலைத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பார்வையைக் கவனித்தும் கவனிக்கவில்லை.

பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். மொத்தம் நாலே ஸ்வரம், அதற்குள் ஒரு ஊரையே நடந்து வருகிற பாட்டு. ஒவ்வொரு காடாகப் பேர் சொல்லி, எங்கே எத்தனை குறுக்கம், அதாவது எத்தனை ஏக்கர், வெடித்திருக்கிறது என்று போகும்.

ஓடைக்குக் கெழக்க ஒரு குறுக்கம் வெடிச்சிருக்கு
ஒத்தப்பனை தெக்க ரெண்டு குறுக்கம் சிரிச்சிருக்கு

ஐந்தாவது நிமிஷம் சட்டென்று நின்றது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். காற்றுதான் பதிந்தது.

"அம்புட்டுத்தான் தாயி" என்றார் அக்கா.

"போன வருஷம் நான் எடை போட வந்தப்ப, பொழுது எறங்குற வரைக்கும் பாடுனீகளே?" என்றார் சித்தப்பா.

"அது போன வருஷம்."

போட்டுக் காட்டினால் உற்சாகம் வரும் என்று நினைத்து நாடாவைத் திருப்பி ஓட்டினேன். எல்லோரும் மடிப் பருத்தியோடு சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஏ மதினி, தகரத்துல கூழாங்கல்லு உருட்டுன மாதிரில்ல இருக்கு ஒங்கொரலு!"

"எனக்கு இப்பிடியா மூக்குல வருது?"

"மூக்குல வரல. மூக்கே பாடுது."

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் எழுந்து நிரைக்குப் போய்விட்டார்கள். மறுபடி கேட்டேன். மறுத்துச் சொல்லவில்லை, பாடினார்கள். நாலரை நிமிஷம். அதே இடத்தில் நின்றது.

நான் வரப்பில் உட்கார்ந்து காரணங்களை எழுதினேன். வெயில். காற்று. மைக் கிட்டத்தில் இருப்பதால் கூச்சம். ஆம்பளை நிற்பதால் கூச்சம். ஒவ்வொன்றாக மாற்றினேன். மைக்கைத் தள்ளி வைத்தேன். சித்தப்பாவை ஓடைப் பக்கம் இருந்த மரத்தடிக்கு அனுப்பினேன். மூன்றாவது தடவையும் ஐந்து நிமிஷத்தில் நின்றது. இதற்குள் மூன்று தடவை பதிந்து, ஒரு தடவை போட்டுக் காட்டி, பேட்டரியின் முள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. பன்னிரண்டு நிமிஷம் வேண்டும். ஒட்டுப் போடக் கூடாது. மூன்றாவது வருஷம் என்று ஒன்று கிடையாது.

சித்தப்பா திரும்பி வந்து காதோடு சொன்னார். "பேசாம முடுக்கிவிட்டுட்டு இப்பிடி ஓரமா வெச்சுரு. நீ கெளம்பிட்டன்னு நெனச்சு அவுகபாட்டுக்குப் பாடுவாக." நான் அதை யோசிக்காமல் இல்லை. மிஷினை எந்தச் செடிக்குப் பின்னால் வைப்பது என்பதுவரைக்கும் யோசித்தேன். பிறகு, அப்படி எடுத்த பாட்டுக்குக் குறிப்பில் என்ன எழுதுவது என்று தோன்றியது. அதை விட்டுவிட்டு, பதிந்ததை எனக்கு மட்டும் கேட்கும்படி ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன்.

அப்போதுதான் என் காது வேலை செய்தது. பாட்டு கிழக்கே போயிற்று, தெற்கே போயிற்று, வடக்கே கொஞ்சம் போயிற்று. கண்மாய்க்கரை வந்ததும் நின்றது. மூன்று தடவையும் அங்கேயேதான்.

எழுந்து போய்க் கேட்டேன். "யக்கா, ஒங்க ஊருல மேற்க காடே இல்லையா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏ மதினி, கண்டுபிடிச்சிருச்சு!"

அக்கா நிமிர்ந்து மடியைச் சரி செய்துகொண்டார். கோபம் இல்லை. கணக்காகப் பேசினார். "இந்தா பாரு தாயி. எங்கய்யா திருச்சுழி ரிஜிஸ்டர் ஆபீசுல போயி கைநாட்டு வெச்சாக. பதிவுன்னாக. மறுநா எங்காத்தா அந்தப் புஞ்சையில கீரை புடுங்கப் போனா, எறங்காத, இது ஒன்னுது இல்லன்னுட்டாக. முந்தின நா வரைக்கும் எங்களுது. கொஞ்சம் மையி, ஒரு கட்டவெரலு, அம்புட்டுத்தான். இப்ப அந்தப் புஞ்சை எங்களுக்கு எங்கன இருக்கு? இந்தப் பாட்டுலதான் கெடக்கு. அதையும் ஒம்பேருல பதிஞ்சிட்டா நாங்க என்னத்தப் பாடிப் பருத்தி எடுக்குறது?"

"பாதியத் தந்திருக்கம்ல? அத வெச்சுக்கிட்டுப் போ" என்றார் பின்வரிசையில் ஒருத்தர். நியாயமான விலை பேசி முடித்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"அட, அந்தப் பதிவு வேற, இந்தப் பதிவு வேற" என்றார் சித்தப்பா.

"பேரு ஒண்ணு, வேல மட்டும் வேறயாக்கும்?" என்றார் நாத்தனார். பருத்தி வாங்காத மாதங்களில் பத்திரம் எழுதுகிற சித்தப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். இரண்டு வருஷமாக அந்தச் சொல்லை நாளுக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒலிப்பதிவு அறை, பதிவுக் கருவி, பதிவுக் குறிப்பு. அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு எங்கள் பக்கத்தில் பதிவு என்றால் ஒன்றே ஒன்றுதான் என்பது மறந்தே போயிருந்தது. அங்கே பதிந்தால் கை மாறும். விற்றவர் பிறகு வரப்பில்கூட நிற்க முடியாது. அவர்கள் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நாங்கள் சொன்னதைச் சொன்னபடியே புரிந்துகொண்டிருந்தார்கள்.

அப்படியென்றால் சரியான சொல்லும் அதே ஆபீசில்தான் இருக்க வேண்டும்.

"யக்கா, பதிவுன்னு சொன்னது தப்பு" என்றேன். "நான் எடுக்க வந்தது நகலு."

அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பத்திரம் தொலைந்தாலும், தகராறு வந்தாலும், புஞ்சைக்காரர் எல்லோரும் மனு எழுதிக் கொடுத்து நகல் வாங்கியவர்கள்தான். நகல் எடுத்ததால் யாருடைய நிலமும் ஒரு சாண் குறைந்ததில்லை.

"நகலுன்னா, மூலம் யாருட்ட இருக்கும்?" நாத்தனார் விடவில்லை.

நான் அக்காவின் தொண்டையைக் காட்டினேன். "அங்கன."

சிரிப்பு காடு முழுக்கப் போயிற்று. "அப்ப வில்லங்கம் போட்டுல்ல பாக்கணும்!" என்றார் ஒருத்தர். "அதுல நெறைய வில்லங்கம் கெடக்கு" என்றார் நாத்தனார்.

அக்கா மட்டும் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார். "எழுதிக் குடு."

என் நோட்டில் சித்தப்பா எழுதினார். அவருக்குத்தான் அந்த நடை கைவந்தது. பருத்திப் பாட்டின் மூலம் இன்னாரிடம் இருக்கிறது, எக்காலத்திலும் இருக்கும். இந்தப் பெண் எடுத்துப் போவது நகல் மட்டும். விற்கக் கூடாது. மூலத்தைப் பாட யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒவ்வொரு வரியையும் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நாலு எல்லை போடலையே?"

"பாட்டுக்கு எதுக்குத்தா எல்லை?"

"எல்லை இல்லாம என்ன பத்திரம்? எழுதுங்க. கெழக்க ஓடை, தெக்க ஒத்தப்பனை, வடக்க வண்டிப்பாதை, மேற்க எங்க மதினியோட அய்யா புஞ்சை. அது உள்பட. 'உள்பட'ங்கிறத நல்லாப் பெருசாப் போடுங்க."

நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனேன். அக்கா நோட்டை மறைத்தார்.

"கையெழுத்து வேணாம். கைநாட்டு வையி."

"அது படிச்ச பிள்ளை" என்றார் சித்தப்பா.

"இருக்கட்டும். எங்கய்யா வெச்சாகல்ல?"

பேனாவைத் திருகித் திறந்து கட்டைவிரலில் மையை விட்டு அழுத்தி வைத்தேன். பதினோரு பேரும் குனிந்து பார்த்தார்கள். ரேகை நன்றாக விழுந்திருக்கிறது என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தத் தாளைக் கிழித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, அதைப் பார்த்து எனக்கென்று ஒரு நகல் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது சுருளை மாட்டினேன். சுருதிக்குழலை ஊதி நாடாவின் தலைப்பில் ஒரு ஸ்வரத்தைப் பதிந்தேன். பாட்டு முடிந்ததும் அதே ஸ்வரத்தை இன்னொரு தடவை ஊத வேண்டும். பேட்டரி இறங்கினால் ஓட்டம் மெதுவாகும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறிக் கீச்சென்று கேட்கும். தலைப்பிலும் கடைசியிலும் ஒரே ஸ்வரம் ஒரே மாதிரி ஒலித்தால்தான் நடுவில் இருப்பது நம்பத் தக்கது. மாறியிருந்தால் அத்தனையும் வீண்.

நிரை பிடித்து நகர்ந்தபடியே பாடினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன், மிஷின் தோளில். கிழக்கு முடிந்தது. தெற்கு, வடக்கு. கண்மாய்க்கரை வந்தது. அக்கா நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் இறக்கினார், அவ்வளவுதான்.

எங்கய்யா புஞ்சையில எம்புட்டு வெடிச்சிருக்கு
ஏ காத்தே சொல்லிப்போ யாரு மடி நெறஞ்சிருக்கு

மற்றவர்கள் அதை வாங்கிப் பாடியபோது நான் முள்ளைப் பார்க்க மறந்துவிட்டேன். எத்தனை அடி அப்படிப் போயிற்று என்று தெரியாது. பார்த்தபோது முள் சிவப்புக்குக் கீழே ஒழுங்காகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. மேற்கு எல்லையை ஒட்டி இன்னும் ஆறு காடுகள் இருந்தன. பதிமூன்று நிமிஷமும் சில நொடிகளும். சுருளில் மிச்சம் இருந்த நாடாவில் சுருதிக்குழலை ஊதினேன்.

அதைப் போட்டுக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பேட்டரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை துறை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். பெரிய மிஷினில் சுருளை மாட்டித் தலைப்பு ஸ்வரத்தைக் கேட்டேன். கையில் இருந்த சுருதிக்குழலோடு சரியாகப் பொருந்தியது. பிறகு பாட்டைக் கேட்காமல் கடைசிவரை ஓட்டி, நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு மயிரிழை ஏறியிருந்தது. மயிரிழைதான். நல்ல காது இருந்தால்தான் தெரியும். சுருளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, சிறிய மிஷினைத் திருப்பிக் கொடுத்தேன்.

புதன்கிழமை வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் பதிமூன்று நிமிஷத்தையும் அசையாமல் கேட்டார். கடைசி ஸ்வரம் சற்று ஏறியிருப்பதை நானே முந்திக்கொண்டு சொன்னேன். "கேட்டுச்சு" என்று தலையாட்டிவிட்டுக் குறிப்புகளைப் புரட்டினார்.

"இது என்னம்மா, பத்திரம் மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். நான்கு எல்லைகளையும் அவர் வாய்விட்டு வாசித்தார். 'உள்பட' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"மூலம் அவங்ககிட்ட இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இப்பவும் இருக்குன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"ரெண்டாவது எடுப்பு இன்னும் முடிஞ்சிருக்காது சார். இந்நேரம் பாடிக்கிட்டு இருப்பாங்க."

அவர் மதிப்பெண் எழுதும் தாளைக் கையால் மறைக்கவில்லை. தலைகீழாகவே வாசித்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பசித்தது. சனிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விடுதியில் சாப்பிட்டுவிட்டு, பஸ் நிலையத்தில் மறுபடி மூன்று தோசை தின்றேன். பஸ்ஸில் மடி காலியாக இருந்தது. காரியாபட்டி எப்போது வந்தது, எப்போது போயிற்று என்று தெரியாது. அருப்புக்கோட்டையில் கண்டக்டர்தான் எழுப்பிவிட்டார்.

கடையில் அப்பா நூல் சிப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார். "என்னாச்சு?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"முடிஞ்சிருச்சுன்னா?"

"தேறிட்டேன். மூணாவது வருஷம் வேண்டியதில்ல."

கையில் இருந்த சிப்பத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி. சாப்பிட்டியா?"

"ரெண்டு தடவை" என்றேன்.